உயரப் பணிமேடைகளும் காத்திருப்பின் செலவும்: அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கான நிலைப்பாட்டு அறிக்கை

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கட்டுமானத் தளங்களிலும் படகுத்துறைகளிலும் மின்பாதைகளிலும் மனிதரை உயரத்துக்கு ஏற்றும் எந்திரங்கள் பெருகிவரும் நிலையில், அவற்றைப் பாதுகாப்பாக இயக்குவது குறித்த தன் நிலைப்பாட்டை இவ்வமைப்பு பொதுவெளியில் வைக்கிறது. இத்தீவுகளில் ஒரு பணிமேடை பாதுகாப்பானதா என்பதை எந்திரத்தின் தரத்தைவிட வேறொன்றே பெரிதும் தீர்மானிக்கிறது: காற்று தணியும் வரையும் உதிரிபாகம் கப்பலில் வந்து சேரும் வரையும் காத்திருக்கும் நாள்களின் செலவை யார் ஏற்கிறார் என்பதே அது. அச்செலவு நாள்கூலிக்கு வேலை செய்பவரின் தலையில் விழுந்துகொண்டிருக்கும் வரை, எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்ட விதியும் தளத்தில் நடைமுறைக்கு வராது. ஆகவே ஒப்பந்தப் பத்திரத்திலேயே காத்திருப்புக்கு விலை குறிக்கப்பட வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது.

உயரப் பணிமேடை என்பது, தொழிலாளர் தம் கருவிகளுடன் நின்று வேலை செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, கைப்பிடிக் கம்பிகளால் சூழப்பட்ட மேடையை எந்திர விசையால் உயர்த்தித் தாங்கும் சாதனம். குறுக்காகப் பிணைந்த கைகள் விரிந்து செங்குத்தாக மட்டும் எழும் வகை சிசர் லிஃப்ட் எனவும், நீண்ட கையின் முனையில் கூடையைத் தாங்கித் தடைகளுக்கு மேலாகப் பக்கவாட்டிலும் நீளும் வகை பூம் லிஃப்ட் எனவும் வழங்கப்படுகின்றன. தெருவிளக்கைப் பழுதுபார்க்க வரும் லாரியின் முதுகில் பொருத்தப்பட்ட கூடையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சக்கரங்களோ தாங்குகால்களோ தரையைத் தொடும் புள்ளிகளை இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கவிழ்கோடு என்பர். மேடை எப்போதும் இக்கோட்டுக்குள்ளேயே நிற்கும் எந்திரங்களை ஒரு பிரிவாகவும், அதைத் தாண்டி நீளக்கூடியவற்றை மற்றொரு பிரிவாகவும் சர்வதேசத் தரங்கள் வகுக்கின்றன. முதல் பிரிவின் பெரும் பகை தரையின் சாய்வும் காற்றும். இரண்டாம் பிரிவில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலே நீண்ட கையின் முனையிலுள்ள கூடை உதறப்பட்டு, உள்ளே நிற்பவர் கவண்கல்லைப் போல் வெளியே வீசப்படக்கூடும். அதனால்தான் பூம் லிஃப்டில் ஏறும் ஒவ்வொருவரும், பின்னர்க் கூறப்படும் நீர்மேல் வேலை நீங்கலாக, தோளையும் மார்பையும் தொடையையும் சேர்த்துப் பற்றும் முழுவுடல் பாதுகாப்புப் பட்டையை அணிந்து, கூடையிலுள்ள பிணைப்புப் புள்ளியோடு குறுங்கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டியுள்ளது. இடுப்பை மட்டும் சுற்றும் பழைய சேஃப்டி பெல்ட் இதற்கு ஈடாகாது.

மனிதரை ஏற்றுவதற்கென வடிவமைக்கப்படாத எந்திரத்தில் மனிதரை ஏற்றுவதை, எவ்வளவு குறைந்த உயரமாயினும் எவ்வளவு குறுகிய நேரமாயினும், இவ்வமைப்பு ஏற்கவில்லை. ஜேசிபியின் வாளியும், ஃபோர்க்லிஃப்டின் கரங்களில் செருகிய மரப்பலகையும், கிரேனின் கொக்கியில் தொங்கும் கூடையும் "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்ற சமாதானத்தோடு பயன்படுத்தப்படுபவை. தமிழ்நாட்டில் இப்பழக்கம் கோயில் திருவிழாக்கள் வரை பரவியிருந்ததை 2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியை அடுத்த கீழ்வீதியில் நிகழ்ந்த விபத்து காட்டியது; மண்டியம்மன் கோயில் விழாவில் பக்தர்களின் மாலைகளைப் பெற்றுச் சாமிக்கு அணிவிப்பதற்காக ஆட்களை ஏற்றியிருந்த கிரேன் கவிழ்ந்ததில் 4 பேர் உயிரிழந்தனர். கிரேனின் சுமை வரம்பு கொக்கியில் தொங்கும் பொருளைக் கருதி விதிக்கப்படுவது. மேலே நிற்பவர் தாமே இறங்குவதற்கான விசையோ, ஒரு காப்பு தவறினால் தாங்கிக்கொள்ளும் மறு காப்போ, சுற்றிலும் கைப்பிடியோ அதில் கிடையாது.

காற்றைப் பொறுத்தவரை இத்தீவுகளின் நிலை தனித்தன்மை உடையது. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடும் நிலப்பகுதி இதுவே. மே மாத நடுவில் தொடங்கும் காற்று ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமும் அதனோடு வங்கக்கடல் புயல்களும் வந்துவிடுகின்றன. 2013 நவம்பரில் லெஹர் புயலும் 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயலும் அந்தமானைக் கடந்தே மேற்கே சென்றன. புயலுக்கு எச்சரிக்கை உண்டு, வேலையும் தானாக நின்றுவிடும்; பெயரிடப்படாத திடீர்ச் சூறைக்காற்றே பணிமேடைக்கு அதிக ஆபத்தானது. வெளிப்புற வேலைக்கு அனுமதிக்கப்பட்ட பெரும்பாலான பணிமேடைகளின் காற்றுவேக வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். உட்புறத்துக்கு மட்டும் எனக் குறிக்கப்பட்ட சிறிய சிசர் லிஃப்டுகளுக்கு இவ்வரம்பு சுழியம். அவற்றை முற்றத்துக்குக் கொண்டுவருவதே பிழை.

இந்த எண்ணின் பொருளைத் தளத்திலுள்ள ஒரு கூரைத்தகட்டைக் கொண்டு அறியலாம். நொடிக்கு 12.5 மீட்டர் வேகக் காற்று, தன்னை நேராக எதிர்கொள்ளும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட தகட்டை மேடைமேல் நிமிர்த்திப் பிடிப்பவர், குறைந்தது 30 கிலோ, அதாவது சுமார் 300 நியூட்டன் பக்கவாட்டு விசையைக் கைப்பிடிக் கம்பிக்குக் கடத்துகிறார். ஐரோப்பியத் தரத்தின்படி எந்திரத்தின் நிலைத்தன்மை கணக்கிடப்படும்போது ஒருவருக்கு 200 நியூட்டனும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நின்றால் மொத்தம் 400 நியூட்டனுமே கைவிசையாகக் கொள்ளப்படுகின்றன. தனியாளாகத் தகடு பிடித்தவர் காற்று வரம்பை எட்டும்போதே எந்திரத்தின் வரம்பைத் தாண்டிவிட்டார். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுவதால், வேகம் நொடிக்கு 17.5 மீட்டரை நெருங்கும்போது அதே தகடு இருமடங்கு தள்ளும். ஆகவே தகடு, பதாகை, கண்ணாடி, ஒட்டுப்பலகை போன்ற அகலப் பொருள்களைக் கையாளும் வேலைக்கு வரம்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதும், காற்றை வானிலை அறிவிப்பைக் கொண்டோ தரையில் மரநிழலில் நின்றோ மதிப்பிடாமல் மேடையின் உயரத்தில் காற்றுவேகமானியால் அளந்து பதிய வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு. சட்டைப்பையில் அடங்கும் அக்கருவியின் விலை, எந்திரத்தின் வாடகையோடு ஒப்பிட்டால் பேசத்தக்கதே அன்று.

2010 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியைச் சிசர் லிஃப்டின் மேல் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டிய சூறைக்காற்றில் லிஃப்ட் கவிழ்ந்து உயிரிழந்தார். மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. வசதியும் கல்வியும் மிக்க நிறுவனத்திலேயே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. காற்றை முதலில் உணர்பவர் மேலே நிற்பவர். வேலையைத் தொடர்வதா என முடிவு செய்பவர் தரையில் நிற்பவர். இந்த இடைவெளியே பல விபத்துகளின் வேர். எனவே இறங்கும் முடிவு மேடையில் நிற்பவருக்கே உரியது என்றும், அம்முடிவைக் கேள்வி கேட்கவோ அதற்காக அவரை மாற்றவோ மேஸ்திரிக்கும் பொறியாளருக்கும் உரிமையில்லை என்றும் பணி ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

ஆனால் கூலியற்ற உரிமை வெறும் எழுத்தே. காலையில் வேலைக்கு வந்து, பத்து மணிக்குக் காற்றுக்காக இறக்கப்பட்டவருக்கு அரைநாள் கூலியும் கிடைக்காது என்றால், மறுநாள் அவர் காற்றுவேகமானியைப் பார்க்கவே மாட்டார். தீவுகளின் கடிகாரமும் இந்நெருக்கடியைக் கூட்டுகிறது: கிழக்கே வெகுதொலைவில் இருந்தும் இந்தியப் பொது நேரத்தையே பின்பற்றுவதால் டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைகிறது; நிலப்பகுதியின் வேலை நேரத்தை அப்படியே இங்கே பெயர்த்து நடும் ஒப்பந்ததாரர் கடைசி ஒரு மணி நேரத்தை அவசரத்திலும் அரையிருளிலும் கழிக்கிறார். காற்றுவேகமானியின் பதிவேட்டில் வரம்பு மீறியதாகக் காணப்படும் நேரத்துக்கு முழுக்கூலியும் எந்திர வாடகையும் தனி இனமாக ஒப்பந்தப் புள்ளியில் இடம்பெற வேண்டும். அந்நாள்களுக்குத் தாமத அபராதம் விதிக்கப்படக் கூடாது. அரசுத் துறைகளே இங்கு பெரும்பான்மை வேலைகளைத் தருபவை என்பதால், இம்மாற்றத்தை அவையே தொடங்க முடியும்.

உயரத்து வேலை கட்டடத்தின் திறப்பு விழாவோடு முடிவதில்லை என்பதும் ஒப்பந்தங்களில் மறக்கப்படுகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், வீர் சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலை 18 அன்று திறந்துவைக்கப்பட்டது; சில நாள்களிலேயே பலத்த காற்றில் வெளிப்புறப் பொய்க்கூரையின் ஒரு பகுதி பெயர்ந்தது. கண்காணிப்புக் கேமராப் பணிக்காக அப்பகுதி தளர்த்தப்பட்டிருந்ததாக அதிகாரிகள் விளக்கமளித்தனர். விளக்குகளும் கேமராக்களும் கூரைத்தகடுகளும் உள்ளவரை யாரேனும் மேலே ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தப் பராமரிப்பு வேலைகளுக்கே பெரும்பாலும் எந்திரமும் திட்டமும் ஒதுக்கப்படுவதில்லை.

உப்புக்காற்று எந்திரத்தை உள்ளிருந்து அரிக்கிறது. வண்ணப்பூச்சு வெளியே பளிச்சென்று இருக்கையில், சிசர் கைகளை இணைக்கும் ஊசிகளின் அருகிலுள்ள பற்றவைப்பில் துரு குமிழ் விடும். ஹைட்ராலிக் தண்டின் முலாம் புள்ளி புள்ளியாக அரிந்து எண்ணெய் கசியும். மின்னிணைப்புகளிலும் வரம்பு சுவிட்சுகளிலும் வெண்பச்சைப் பொருக்குப் படியும். சாய்வு உணரி என்பது, தரை அனுமதித்த அளவைவிடச் சாய்ந்திருந்தால் மேடையை உயர விடாமல் தடுக்கும் பாகம். பல சிசர் லிஃப்டுகளில் அந்த அளவு 1.5 முதல் 3 டிகிரி மட்டுமே. அது பழுதானால் எந்திரம் நின்றுவிடும். மாற்றுப் பாகம் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வர வேண்டும். கப்பலில் இடம் கிடைத்த பின்பும் பயணமே ஏறக்குறைய மூன்று நாள். இவ்விடத்தில்தான் ஒரு துண்டுக் கம்பியால் உணரியைத் தாண்டி இணைப்புக் கொடுக்கும் 'கைவேலை' நுழைகிறது. பூம் லிஃப்டின் கூடையில், கால் வைத்து அழுத்தினால் மட்டுமே எந்திரம் அசையும்படி அமைந்த கால் சுவிட்சின் மேல் செங்கல்லை வைத்துவிடுவதும் இதே இனம். அந்தச் செங்கல் இருக்கும்போது, கூடைக்கும் மேலேயுள்ள உத்தரத்துக்கும் நடுவே நெஞ்சு நசுங்கிச் சரிபவரின் உடல் நெம்புகோலின் மேல் விழுந்தாலும் எந்திரம் நிற்காது. பாதுகாப்புச் சுவிட்ச் தாண்டப்பட்ட எந்திரம் பழுதான எந்திரமே. அதை இயக்கும்படி பணிப்பவரே பொறுப்பாளி. முக்கிய உணரிகள், சுவிட்சுகள், அவசர இறக்க வால்வு ஆகியவற்றின் இருப்பைத் தீவிலேயே வைத்திருப்பது வாடகை நிறுவனங்களின் கடமையாக்கப்பட வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு, ஆனால் தெளிவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்தூக்கிகளை 6 மாதத்துக்கு ஒருமுறையும் சுமைதூக்கும் எந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையும் தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழான 1998 மத்திய விதிகள் சாரம், ஏணி, தூக்கு சாதனம் ஆகியவற்றை விரிவாகப் பேசின. உயரப் பணிமேடையோ இவற்றுள் எதிலும் தனி இடம் பெறாமல் நடுவே நின்றது. இச்சட்டங்களை உள்ளடக்கிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது; தீவுகளுக்கான விதிகளில் உயரப் பணிமேடை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டு, மனிதரை ஏற்றுவதால் மின்தூக்கிக்குரிய 6 மாத வரம்பே அதற்கும் பொருந்தும் என ஆக்கப்பட வேண்டும். 2023 செப்டம்பரில் ஐந்து நாள் இடைவெளியில் தாணேயிலும் கிரேட்டர் நொய்டாவிலும் கட்டுமானத் தள லிஃப்டுகள் விழுந்து பலர் மாண்டதை நினைவில் கொண்டால், இக்கோரிக்கை மிகையாகாது.

தரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: மழையில் ஊறிய நிரப்பு மண்ணில் தாங்குகாலின் அடியில் அகன்ற பலகையின்றி எந்திரத்தை நிறுத்தக் கூடாது. மின்கம்பிக்கு அருகில், மின்சாரம் நிறுத்தப்பட்டதை எழுத்தில் உறுதிசெய்யாத வரை, 50 கிலோவோல்ட் வரையிலான பாதைகளிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும். படகுத்துறை வேலை இத்தீவுகளுக்கே உரிய சிக்கல்: எந்திரம் கடலுக்குள் கவிழ்ந்தால் கூடையோடு கட்டப்பட்டவர் அதோடு மூழ்குவார். ஆகவே மூழ்கும் ஆபத்து விழும் ஆபத்தை விஞ்சும் இடங்களில் பாதுகாப்புப் பட்டைக்குப் பதில் உயிர்காப்பு உடையும், கீழே ஆள் ஏறிய மீட்புப் படகும் வேண்டும். எது விஞ்சுகிறது என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.

பட்டையில் தொங்கி நிற்பவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நினைவு தப்பக்கூடும். உயர்சிகிச்சைக்கு ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனையையே நம்பியிருக்கும் தீவுகளில், கார் நிக்கோபாரிலோ கேம்பல் பேயிலோ காயமுற்றவர் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க நேரும். அதனால் மீட்பு என்பது தளத்திலேயே முடிய வேண்டிய வேலை. கிரேட் நிக்கோபாரில் திட்டமிடப்பட்டுள்ள துறைமுக, விமான நிலையப் பணிகள் தொடருமானால் பெருந்தொகையான தொழிலாளர் மருத்துவ வசதி குறைந்த ஒரு கோடியில் உயரத்தில் நிற்பார்கள். அத்திட்டத்தின் சூழலியல் விவாதம் இவ்வறிக்கையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, அங்கு ஏறுபவரின் உயிர் அப்படியன்று. பயிற்சியும் சான்றும் தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு ஆகிய தளமொழிகளில் தரப்பட வேண்டும். கையேடு ஆங்கிலத்திலும் கட்டளை இந்தியிலும் கேட்பவர் தமிழிலும் இருக்கும் தளத்தில் ஒப்புதல் கையெழுத்துக்குப் பொருளில்லை.

இவ்வளவும் செலவைக் கூட்டும் என்ற எதிர்வாதம் உண்மையே. சிறு ஒப்பந்ததாரர் எந்திரத்தைக் கைவிட்டு மூங்கில் சாரத்துக்குத் திரும்பிவிடுவார் என்ற அச்சமும் ஆதாரமற்றதன்று; நன்கு கட்டிய சாரம் மோசமான எந்திரத்தைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்வதில் இவ்வமைப்புக்குத் தயக்கமில்லை. ஒப்பந்த மாதிரிகள் திருத்தப்படும் வரையில் உறுப்பினர்களுக்கு இவ்வமைப்பு தரும் அறிவுரை ஒன்றே: மேடையைத் தரையிலிருந்து அவசரமாக இறக்கும் வால்வு எங்கே உள்ளது என்பதை அறிந்த ஒருவர் கீழே நின்று, அன்று காலையிலேயே அதைத் திருகி இறக்கிக் காட்டாத எந்திரத்தில் எவரும் ஏற வேண்டாம், அதற்காகக் கூலி மறுக்கப்பட்டால், அந்தக் கோரிக்கையை அமைப்பே நேரடியாக எடுத்து நடத்தும்.