கல்லைக் கழுவ வேண்டாம், கசடை எடுங்க

மெயின் பிளாக் வரவேற்பறையில் இருக்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியை என்ன செய்யலாம் என்று இப்போ இரண்டு கட்சி ஓடிக்கிட்டிருக்கு. ஒரு கட்சி சொல்வது: செமஸ்டர் லீவில் கல், மணல் எல்லாத்தையும் வெளியே எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் குழாய்த் தண்ணியில் கழுவி, புது உப்புத் தண்ணி நிரப்பி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்னொரு கட்சி: கையே வைக்காதீங்க, அது ஒரு குட்டிக் கடல், தானா சரியாகும், மனசு கேக்கலன்னா பாக்டீரியா பாட்டில் ஒன்று வாங்கி ஊத்துங்க.

இரண்டுமே தப்பு. முதல் வழியில் மீன்கள் ஒரு வாரத்தில் சாகும். இரண்டாவது வழியில் ஒரு வருஷம் இழுத்துச் சாகும். நான் கேட்பது வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரு பிளாஸ்டிக் ட்யூப், இரண்டு வாளி. அவ்வளவுதான்.

முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு தெளிவாக்கிடலாம். கல்லின் மேல் சாம்பல் தூவினது மாதிரி படிஞ்சிருக்கே, மணலைக் கிளறினா பழுப்பா புகை மாதிரி எழும்புதே, அதுதான் கசடு. மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீவனம், செத்த பாசி, இதையெல்லாம் மேயும் பாக்டீரியா, எல்லாம் கலந்த கூழ். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் இது இருக்கும். பார்க்கிறவங்க "டேங்க் சூப்பரா இருக்கே"ன்னு செல்ஃபி எடுத்துட்டுப் போவாங்க.

இப்போ ஒரு கணக்கு. ஸ்டாய்க்கியோமெட்ரி என்றதும் பக்கத்தை மூடிடாதீங்க, கூட்டல் பெருக்கல் மட்டும்தான். தினமும் 2 கிராம் உலர் தீவனம் போடுறோம்னு வைங்க. அதில் ஒரு சதவீதம் பாஸ்பரஸ் என்று எடுத்துக்கலாம். அப்போ நாளைக்கு 20 மில்லிகிராம் பாஸ்பரஸ்; பாஸ்பேட்டாக மாற்றினால் சுமார் 61 மில்லிகிராம். 200 லிட்டரில் அத்தனையும் கரைந்தால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 0.1-ஐத் தாண்ட விடக்கூடாது என்பார்கள். நாம் ஒரே நாளில் அதைப் போல மூணு மடங்கு உள்ளே போடுறோம். மீன் வளர்வதற்கும் கொஞ்சம் போகும். கணக்கு எளிதா இருக்கட்டும்னு அதை விட்டுட்டேன்.

"அதான் வாரா வாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்துறோமே" என்று கேட்பீங்க. மாத்துங்க. வாரத்துக்கு உள்ளே வருவது லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். வெளியே போவது, இருக்கும் செறிவில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிற இடம் எது? 21 மில்லிகிராம். 0.1 எங்கே, 21 எங்கே! தண்ணி மாற்றுவதால் மட்டும் இந்தக் கணக்கு தீராது. ஆனால் அதே பாஸ்பரஸ் கரைவதற்கு முன்னாடி, கெட்டியான கசடாக மணல் மேல் உட்கார்ந்திருக்கும்போது ட்யூப் வைத்து உறிஞ்சினா, ஒரு வாளித் தண்ணியோட பெரும்பங்கு வெளியே போயிடும். கசடை எடுக்கணும்னு சொல்வதற்கு முழுக் காரணமும் இதுதான். கரைஞ்ச பிறகு துரத்துவதைவிடக் கட்டியா இருக்கும்போதே பிடிப்பது சுலபம்.

நைட்ரஜனுக்கு ஒரு வெளிவாசல் உண்டு. அம்மோனியா நைட்ரைட் ஆகி, நைட்ரைட் நைட்ரேட் ஆகி, கல்லுக்குள்ளும் மணலுக்கு அடியிலும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இருக்கும் பாக்டீரியாவால் நைட்ரஜன் வாயுவாக மாறிக் காற்றில் கலந்துடும். பாஸ்பரஸுக்கு அப்படி எந்த வாயு வழியும் இந்தத் தொட்டிக்குள் கிடையாது. போட்டது போட்டபடி கிடக்கும். பாக்டீரியா பாட்டில் வாங்கச் சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போயிடறாங்க. அந்த பாக்டீரியா கசடைத் தின்னும், சரி. தின்ன பாஸ்பரஸ் எங்கே போச்சு? அதன் உடம்பில். அது செத்தா? திரும்பவும் கசடு. ஸ்கிம்மர் அதில் ஒரு பகுதியை நுரையோடு தள்ளலாம். அதுவும் தண்ணியில் மிதப்பதை மட்டும்தான். கல்லிடுக்கில் படிந்தது ஸ்கிம்மர் வரைக்கும் போகவே போகாது.

நத்தை விடும் யோசனையும் அப்படித்தான். நாசாரியஸ் நத்தை மணலுக்குள் புகுந்து கிளறும், மிச்சத் தீவனத்தைத் தின்னும், பார்க்கவும் ஜோராக இருக்கும். ஆனால் அதுவும் கழிவு போடும். பெரிய கழிவைச் சின்னக் கழிவாக்கும் வேலை அது, தொட்டியை விட்டு எதையும் எடுத்துட்டுப் போகாது.

கடலில் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கு என்பது நியாயமான கேள்வி. அங்கே அலையும் நீரோட்டமும் கல்மேல் எதையும் நிற்க விடாது. படிந்தாலும் அடித்துக்கொண்டு போக மிச்சக் கடல் முழுக்க இருக்கு. மணலைப் பார்த்துக்கொள்ள கடல் அட்டை இருக்கு. மணலை அப்படியே விழுங்கி, அதில் ஒட்டிய கரிமப் பொருளைச் செரித்து, மணலைத் திரும்ப வெளியே விடும் பிராணி. ராமநாதபுரம் பக்கத்து நண்பர்கள் இதைப் பற்றிப் பறிமுதல் செய்திகளில்தான் அதிகம் படிச்சிருப்பாங்க. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டையைச் சேர்த்தாங்க. கடல் குதிரையும் கல் பவளமும் அதே வருஷம் சேர்ந்தவைதான். அதனால் யாராவது "தொண்டியில் தெரிஞ்சவர் இருக்கார், ஒரு அட்டை கொண்டு வரவா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதன் வேலையை நாமதான் செய்யணும்.

இப்போ லீவில் கழுவும் கட்சிக்கு வருவோம். நைட்ரைட், நைட்ரேட் என்று மாற்றும் பாக்டீரியா தண்ணியில் நீந்திக்கிட்டிருப்பதில்லை, கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கிட்டிருக்கு. ப்ளீச்சிங் பவுடர் அதை மொத்தமாகக் கொல்லும். அந்தக் கூட்டம் திரும்ப உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை நாலு மீன் விடும் அம்மோனியா அப்படியே நிற்கும். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியில் செய்வதைவிட அதிக விஷம். இதெல்லாம் நடக்கப்போவது கேம்பஸில் வாட்ச்மேன் அண்ணனைத் தவிர ஆள் இல்லாத லீவில். ரீஓபன் அன்னிக்கு இரண்டு கோமாளி மீனும் டாம்செல்லும் இருக்காது. பளபளன்னு வெள்ளைக் கல் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்க: மின்வெட்டு. 28 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே சூட்டில் கடல்நீரில் சுமார் 6.4 தான். பம்ப் நின்றதும் மீன் மட்டும் மூச்சு விடுவதில்லை, கசடில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் விடுது. கசடு அதிகமா இருக்கும் தொட்டி, ஜெனரேட்டர் வருவதற்கு முன்னாடியே தோற்றுவிடும். கரண்ட் போற ஊரில் இது சும்மா அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

சரி, எப்படிச் செய்வது? கல்லிலிருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா கல்லில் இருந்து கிளம்புவது மணலில் விழும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் போதும். தொட்டித் தண்ணியையே உறிஞ்சி, கல்லின் ஓட்டை, இடுக்கு, பின்பக்கம் என்று மேலிருந்து கீழாகப் பீய்ச்சணும். வேவ்மேக்கர் ஓடட்டும். தண்ணி கலங்கும், பயப்பட வேண்டாம். அரை மணியில் பாதி கசடு சம்ப்பில் இருக்கும் ஃபில்டர் பஞ்சில் வந்து மாட்டும். அந்தப் பஞ்சை அன்னிக்கோ மறுநாளோ எடுத்துக் கழுவிடணும். இங்கேதான் பல பேர் கோட்டை விடுறாங்க: பஞ்சிலேயே விட்டா கசடு அங்கே உட்கார்ந்து அழுகும். இடம் மாறியிருக்கு, வெளியே போகலை.

பீய்ச்சியும் போகாத கல் இருந்தால், வாரத்துக்கு ஒரு கல் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணி வாளியில் முக்கி நல்லா ஆட்டுங்க. பழுப்பு மழை மாதிரி கொட்டும். குழாய்த் தண்ணி கூடாது. குளோரினும் உப்பில்லாத தண்ணியும் சேர்ந்து கல்லில் உள்ள உயிரைக் கொன்னுடும், செத்தது திரும்பக் கசடாகும்.

மணலுக்கு சைஃபன். இதில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் படிச்சது நிஜமாவே உதவுது. மணல் கால்சியம் கார்பனேட், தண்ணியைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு அடர்த்தி. கசடு தண்ணியைவிடச் சும்மா கொஞ்சம்தான் கனம். அகலமான ட்யூபை மணலில் குத்தி, விரலால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினா, மேல்நோக்கிய வேகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மணல் கொஞ்சம் எழும்பித் திரும்ப விழும், கசடு மட்டும் வாளிக்குப் போகும். இரண்டு தடவை செய்தா கை பழகிடும். ஒரு தடவைக்கு மணல்பரப்பில் கால் பகுதி போதும். 20 லிட்டர் எடுத்து 20 லிட்டர் புதுசு ஊற்றும்போதே இதுவும் முடிஞ்சிடும். நாலு வாரத்தில் ஒரு சுற்று. அடுத்த வாரம் திரும்ப முதல் மூலை. அரியர் மாதிரிதான் இதுவும், நாலு செமஸ்டர் சேர்த்து வச்சு ஒரே தடவையில் எழுதலாம்னு நினைச்சா யாரும் தப்பிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இடது மூலையில் கண்ணாடியை ஒட்டி மணலுக்கு அடியில் கறுப்புத் திட்டு தெரியுது, பார்த்திருப்பீங்க. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்கு சல்பேட் இருக்கு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகின முட்டை வாசம் அதனுடையதுதான். மீனுக்கு விஷம். அந்த மூலையை ஒரே நாளில் கிளறக்கூடாது. வாரத்துக்கு உள்ளங்கை அளவு, கிளறாமல் நேரே ட்யூபால் மணலோடு சேர்த்தே உறிஞ்சி வெளியே எடுத்துடணும். கை வைக்காதே என்று சொல்பவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்குன்னா அது இதுதான்: வருஷக்கணக்கா தொடாத ஆழமான மணலைத் திடீரென்று புரட்டுவது ஆபத்து. ஆனால் அதிலிருந்து தொடவே கூடாது என்ற முடிவுக்குப் போவது, நம் ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸ்லட்ஜை எடுக்கவே வேண்டாம் என்று சொல்வது மாதிரி. அதைச் சிவில் மாணவர்கள் ஒத்துக்குவாங்களா?

இன்னும் இரண்டு சின்ன வேலை இருக்கு. கல்லெல்லாம் பின்கண்ணாடியில் சுவர் மாதிரி சாய்ஞ்சிருக்கு, அதுக்குப் பின்னால் தண்ணி ஓடவே இல்ல. இரண்டு கல்லைத் தூக்கிப் பாலம் மாதிரி வச்சு, வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்பினா பாதி கசடு படியவே படியாது. அடுத்தது, மூடிக்கு ஒரு பூட்டு. மேரி பிஸ்கட் கடல்மீனின் உணவு இல்லை என்பதை போர்டு எழுதிப் புரிய வைக்க முடியலை.

இவ்வளவு செய்தாலும் பாஸ்பேட் டெஸ்ட் அடுத்த வாரமே இறங்காது. கால்சியம் கார்பனேட் கல் பாஸ்பேட்டைத் தன் மேல் பிடிச்சு வச்சிருக்கும். தண்ணியில் குறையக் குறைய மெல்ல விடும். சில மாதம் எண்ணிக்கை அசையாமல் நிற்கலாம். அப்போ யாராவது மறுபடி பாட்டில் வாங்கலாம்னு ஆரம்பிப்பாங்க, கவனமா இருங்க.

சனிக்கிழமை மதியம் லேப் முடிஞ்சதும் வர நாலு பேர் தேவை, முறை வைத்து மாத்திக்கலாம். வாளிகளை மெஸ்ஸிலிருந்து தூக்கிட்டு வராதீங்க, சோப்பு இருக்கும். வெளியே எடுக்கும் பழுப்புத் தண்ணி உரம் மாதிரி தெரியும், ஆனால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. முன்வாசல் செம்பருத்திக்கு ஊத்திடாதீங்க.