கோடாலிக்காரன்

ஹூடினியைப் புகழ்கிறவர்கள் அவருடைய கோடாலிக்காரனை மறந்துவிடுகிறார்கள். 1912இல் பெர்லினில் மேடையேறிய தண்ணீர்ப் பெட்டி வித்தையில், கால் பூட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குவார் அவர். கண்ணாடியை உடைக்க ஓர் ஆள் கோடாலியோடு பக்கத்தில் நிற்பான். 1953இல் வந்த சினிமா அந்தப் பெட்டியையே அவருக்கு யமனாக்கியது. சுத்தப் புளுகு! 1926இல் குடல்வால் வெடித்து, டெட்ராய்ட் ஆஸ்பத்திரியில் அல்லவா போனார்?

இன்பத்துக்காகத் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் பெரியவர்களும் உலகில் உண்டு. முகம் சுளிக்காதீர்கள், அவரவர் அறை, அவரவர் இஷ்டம். என் சண்டை வேறு. நம் சுளிப்புக்குப் பயந்து, ஒருவரிடமும் மூச்சு விடாமல் கதவைத் தாழிட்டு, ஒரே சாவியை நம்பிவிடுகிறார்கள். சாவி கைதவறினால்? விரல் மரத்துப்போனால்? கழுத்தில் கயிறு இறுகினால் சில விநாடிகளில் நினைவே தப்பிவிடுமே! விஷயம் தெரிந்த ஒரு சிநேகிதர் அடுத்த அறையில், கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தரிக்கோல். இதற்குமா வெட்கம்?