கர்ப்பம் என்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

“கர்ப்பம் உறுதியான அன்றைக்கே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டோம், டாக்டர்.” லூபஸ் நோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணை அழைத்துவரும் தாயோ மாமியாரோ இவ்வாறு கூறுவதை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். வயிற்றில் வளரும் குழந்தையின் மீதுள்ள அக்கறையே அவர்களை இம்முடிவுக்குத் தூண்டுகிறது. அந்த அக்கறையை மதிக்கிறோம். ஆயினும், மருத்துவரைக் கேளாமல் எடுக்கப்படும் இம்முடிவு தாய்க்கும் சேய்க்கும் தீங்காகவே முடியக்கூடும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதன் காரணத்தை விளக்க, உடலுக்குள் ஓசையின்றி நடைபெறும் ஒரு பணியைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது.

நோய் எதிர்ப்பு ஆற்றல் என்றவுடன் கிருமிகளோடு நிகழும் போரே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் அன்றாட வேலைகளில் பெரியது துப்புரவு. நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் ஆயுள் முடிந்து மடிகின்றன. ஒழுங்கான இம்மரணத்திற்கு 1972ஆம் ஆண்டு கெர், வைலி, கரி ஆகிய மூன்று அறிஞர்கள் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மடியும் உயிரணு தன் உட்பொருள் சிந்தாதபடி சுருங்குகிறது. வழக்கமாக உட்புறம் மறைந்திருக்கும் ஒரு கொழுப்புப் பொருளை மேற்புறத்தில் காட்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டதும் ‘மேக்ரோஃபேஜ்’ எனப்படும் விழுங்கு அணுக்கள் வந்து அதை விழுங்கிச் செரிக்கின்றன; கூடவே, அழற்சியைத் தணிக்கும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. நமக்குத் தெரிவதும் இல்லை.

கர்ப்ப காலத்தில் இப்பணியின் சுமை கூடுகிறது. நஞ்சுக்கொடியின் வெளிப்படலம் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. முதிர்ந்த பகுதிகள் தாயின் இரத்தத்திலேயே உதிர்கின்றன. கர்ப்பகால வலிப்பால் இறந்த பெண்களின் நுரையீரலில் இத்தகைய அணுக்களை ஷ்மோர்ல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1893ஆம் ஆண்டிலேயே விவரித்தார். நலமான கர்ப்பத்திலும் இவை உதிர்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. கருப்பையின் சுவரிலும் இதுவே நிகழ்கிறது. குழந்தைக்குப் போதிய இரத்தம் செல்ல அங்குள்ள தமனிகள் அகல வேண்டும். அதற்காகப் பழைய சுவரின் தசையணுக்கள் விலகியும் மடிந்தும் வழிவிடுகின்றன. உதிரும் நஞ்சுக்கொடி அணுக்களில் தந்தைவழி வந்த புரதங்களும் உண்டு. அவை அமைதியாக அகற்றப்படும்வரை தாயின் உடல் அவற்றைப் பகையாகக் கருதுவதில்லை.

லூபஸ் நோயில் இத்துப்புரவு தடுமாறுகிறது. அகற்றப்படாத உயிரணு நாளடைவில் உடைகிறது. அதன் டிஎன்ஏவும் புரதங்களும் வெளியே சிந்துகின்றன. உடல் அவற்றை எதிரி எனத் தவறாகக் கருதி ‘ஆன்டிபாடி’ எனும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. மூட்டு, தோல், சிறுநீரகம் முதலியவற்றில் அழற்சி எழுகிறது. இந்நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். பலருக்கும் மகப்பேற்று வயதிலேயே நோய் தொடங்குகிறது. கர்ப்பத்தின் கூடுதல் சுமையும் சேரும்போது நோய் சீறி எழலாம். 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் உயரும் முன்சூல்வலிப்பு, குறைமாதப் பிரசவம், கருவிழப்பு ஆகியவற்றின் அபாயமும் மிகுகிறது.

குழந்தையின் இதயத்தையும் இது தொடலாம். சில தாய்மாரின் இரத்தத்தில் ‘ஆன்டி-ரோ’ என்னும் எதிர்ப்பொருள் இருக்கும். அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். வளரும் இதயத்திலும் உயிரணுக்கள் மடிவது இயல்பே. அவற்றை அக்கம்பக்கத்து அணுக்களே அகற்றிவிடும். மடியும் அணுவின் மேல் இந்த எதிர்ப்பொருள் படிந்தால் அவ்வேலை தடைப்பட்டு, அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தாய்மார் நூறு பேரில் ஏறத்தாழ இருவரின் குழந்தைக்கு இதயத்துடிப்பைக் கடத்தும் பாதை பழுதாகிறது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரையின் பயன் இங்கேதான். அது குப்பையை அகற்றுவதில்லை. அகற்றப்படாத குப்பையால் எழும் அழற்சியைத் தணிக்கிறது. முன்னர் ஒரு குழந்தைக்கு மேற்கூறிய இதயப் பழுது ஏற்பட்டிருந்தால், அடுத்த கர்ப்பத்தில் அது மீண்டும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 18. பத்தாவது வாரத்திற்குள் இம்மருந்தைத் தொடங்கிய தாய்மாரிடம் அது ஏறத்தாழ 7 ஆகக் குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மருந்து குழந்தையையும் சென்றடைகிறது என்பது உண்மையே. எனினும் பல பத்தாண்டு அனுபவத்தில் நன்மையே மிகுதியாகக் காணப்பட்டதால், கர்ப்பம் முழுவதும் இதைத் தொடருமாறு உலக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன.

இம்மருந்து பல வாரங்கள் உடலில் தங்கும் இயல்புடையது. ஆகவே நிறுத்திய மறுவாரம் எந்த மாற்றமும் தெரியாது. “நிறுத்தினோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று குடும்பத்தார் நிம்மதி அடைகின்றனர். ஆறாம் மாதத்தில் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் வெளியேறும்போதுதான் எங்களிடம் வருகின்றனர்.

எல்லா மாத்திரைகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் போன்றவை கருவுக்குத் தீங்கானவை. கருத்தரிக்கும் முன்பே அவற்றை மாற்ற வேண்டும். அவற்றை எடுத்துக்கொண்டிருக்கையில் கருத்தரித்தால் அன்றே எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள். எது தொடர வேண்டியது, எது மாற்ற வேண்டியது என்று பிரித்தறிவது குடும்பத்தாரின் கடமை அன்று, எங்கள் கடமை.

அக்கடமையில் மருத்துவர்களாகிய நாங்கள் தவறியிருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மருந்துச் சீட்டை எழுதித் தரும் முதல் நாளிலேயே, “குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது முன்கூட்டியே சொல்லுங்கள், இந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்” என்று சொல்லியிருந்தால் பாதித் துன்பம் தவிர்ந்திருக்கும். திருமணமாகாத பெண்ணிடம் இதைப் பேசுவதற்குக் கூச்சப்பட்டு நாங்கள் மௌனம் காத்தது தவறு.

நோய் குறைந்தது ஆறு மாதமேனும் அடங்கியிருந்த பின்னர் கருத்தரிப்பது நல்லது. கருவுற்றபின் மாதந்தோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். முன்சூல்வலிப்பைத் தடுக்க, குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் 12 முதல் 16 வாரங்களுக்குள் தொடங்குவோம். கடையில் விற்கும் எதிர்ப்பாற்றல் பொடி எதுவும் இவற்றுக்கு ஈடாகாது.

லூபஸ் உள்ள பெண்கள் பலர் நலமான குழந்தைகளைப் பெற்று இதே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்துவதற்கு முன் ஒருமுறை எங்களைக் கேளுங்கள். கேட்டதற்காக எங்களில் எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.