குஸ்தி பொய், விழுகிற அடி மெய்!

“டெலிவிஷனில் வருகிற அமெரிக்கக் குஸ்தி வெறும் பொய்” என்று சிரிக்கிறோம். பொய்தான். வெற்றி யாருக்கு என்பது கோதாவில் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பொய்யால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று பார்க்க வேண்டாமா தோழர்களே?

அங்கும் நிஜக் குஸ்தி இருந்ததுண்டு. 1908ல் சிக்காகோவில் ஹாக்கன்ஷ்மிட்டை வெல்ல பிராங்க் காட்சுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. இப்படி இழுத்தால் டிக்கெட் விற்குமா? 1920களில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் கூட்டு, ஆட்டத்தை வேகமாக்கி, முடிவையும் முன்கூட்டியே எழுதி, ஊர் ஊராக நடத்தியது. 1948ல் குஸ்தி முதலாளிகள் கூட்டணி அமைத்து, நாட்டையே வட்டாரம் வட்டாரமாகப் பங்கு போட்டார்கள். 1956ல் ஏகபோக ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அமெரிக்க சர்க்காரே தலையிட வேண்டி வந்தது.

பல்லாண்டு மூடி மறைத்த ரகசியத்தை 1989ல் நியூ ஜெர்சி செனட் சபைக்கு முதலாளிகளே சொன்னார்கள். மனசாட்சி உறுத்தியா? இல்லை! விளையாட்டல்ல, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டால் விளையாட்டுக் கமிஷனின் கண்காணிப்பும் வரியும் ஒழியுமல்லவா?

வேஷம் கம்பெனி கொடுப்பது. தேதி கம்பெனி குறிப்பது. தோற்கச் சொல்வதும் கம்பெனிதான். ஆனால் ஏட்டில் மட்டும் பயில்வான் தொழிலாளி அல்ல, சுயேச்சைக் காண்ட்ராக்டர்! இந்தத் தந்திரம் நமது ஆலைத் தோழர்களுக்குப் புதிதா?

1986ல் வில்லன் வேஷக்காரர் ஜெஸ்ஸி வெஞ்சுரா, சங்கம் வைப்போம் என்று சக பயில்வான்களிடம் பேசினார். அதை முதலாளி வின்ஸ் மக்மஹோன் காதில் போட்டவர், நல்லவன் வேஷம் போட்ட நட்சத்திரம் ஹல்க் ஹோகன். பின்னால் வழக்கு சாட்சியத்தில் மக்மஹோனே இதை ஒப்புக்கொண்டார். சங்கம் முளையிலேயே கருகியது.

1999 மே 23ல் கன்சாஸ் சிட்டியில், வேடிக்கைக்காகக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட ஓவன் ஹார்ட் கீழே விழுந்து மாண்டார். வயது 34. ஆட்டம் நின்றதா? நிற்கவில்லை. அதே கோதாவில் மீதி ஆட்டங்கள் நடந்தேறின!

2024ல் அதே கம்பெனி நெட்பிளிக்சுடன் 10 வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பயில்வான்களுக்கு இன்றும் சங்கம் இல்லை.

ஆகவே, சிரிக்க வேண்டியது அடிபடுகிற பயில்வானைப் பார்த்தல்ல. அவன் தோள்வலிமை ஒரு ஆளையே தலைக்கு மேல் தூக்கும். ஆனால் தனி மனிதனின் தோள் எவ்வளவு பெரிதானாலும் முதலாளிக்கு அது கூலிச் சரக்குதான். நூறு தோள் ஒன்றுசேர்ந்தால்தான் அவன் எழுதி வைத்த முடிவு மாறும். அதற்குப் பெயர் சங்கம்!