பனிமேல் பெய்த மழை

பனி கொட்டும்போதுதான் மலைப் பாதையில் அபாயம் என்று நாம் எண்ணுகிறோம். கடலை அடுத்த மலைகளில் மழையே கொடிது, அன்பர்களே!

1910 பிப்ரவரியில், அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய காஸ்கேட் மலையில், சியாட்டில் செல்லும் பிரயாணி வண்டியும் தபால் வண்டியும் வெலிங்டன் என்னும் சிறு ஸ்டேஷனில் பனியால் மறிக்கப்பட்டு நின்றன. நாட்கள் பல கடந்தன. அருகிலிருந்த மலைக்குகைப் பாதைக்குள் வண்டியைத் தள்ளி நிறுத்துமாறு பிரயாணிகள் வேண்டினர். உள்ளே புகையும் குளிரும் தாங்கா என்று அதிகாரிகள் இணங்கவில்லை. நானும் ரயில்வே குமாஸ்தாதான்; அங்கிருந்தால் அதையே சொல்லியிருப்பேனோ என்று நினைக்கையில் நெஞ்சு திடுக்கிடுகிறது.

பிப்ரவரி 28 இரவு, கடற்காற்றின் வெம்மையால் பனி நின்று மழை பிடித்தது. மழைநீர் பனியின் பாரத்தை ஏற்றும்; அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்தும். மேற்சரிவிலோ, தடுத்து நிறுத்த வேண்டிய மரங்கள் முன்பே காட்டுத் தீயில் அழிந்திருந்தன. மார்ச் 1 பின்னிரவில், இடி மின்னலுக்கிடையே இறங்கிய பனிச்சரிவு இரு வண்டிகளையும் வாரி ஆற்றுப் பள்ளத்தில் எறிந்தது. 96 பேர் மாண்டனர்.

பின்னர்ப் பாதைக்குமேல் கூரைகள் எழுந்தன. 1929-இல் ஏறத்தாழ 12½ கிலோமீட்டர் நீளக் குகைப் பாதை திறக்கப்பட்டு, பழைய வழி கைவிடப்பட்டது. வெலிங்டன் என்ற பெயரையோ அதற்கு முன்பே 'டை' என மாற்றிவிட்டிருந்தனர்.