பரீட்சையும் பிரஜா உரிமையும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி நம் நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம், மான்ட்கமரி நகரத்துப் பேருந்தில் எழுந்து இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரும், வாஷிங்டனில் இலட்சக்கணக்கான ஜனங்களுக்கு முன்னே நின்று முழங்கிய மார்ட்டின் லூதர் கிங்கும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், அம்மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தி வைத்திருந்த தடிக்கும் தூக்குக்கயிற்றுக்கும் துணையாக, அவற்றைக் காட்டிலும் நாசூக்கான ஓர் ஆயுதம் அரசாங்க அலுவலகத்து மேஜையின்மேல் காகித ரூபத்தில் கிடந்தது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆயுதத்தின் பெயர் பரீட்சை.

மிசிசிப்பி மாகாணத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகள் பாடுபட்ட ஃபேனி லூ ஹேமர் என்னும் அம்மையார், 1962 ஆகஸ்ட் 31 அன்று, தம்மைப் போன்ற ஏழைகள் பதினெழுவருடன் ஒரு பழைய பேருந்தில் ஏறி, வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவதற்காக இந்தியனோலா பட்டணத்துக்குச் சென்றார். அங்கிருந்த பதிவு அதிகாரி, மாகாண அரசியல் சட்டத்தின் ஒரு ஷரத்தை அவர் முன் வைத்து, அதைப் பார்த்து எழுதவும், எழுதியபின் அதன் தாத்பரியத்தை விளக்கவும் கட்டளையிட்டார். பார்த்து எழுதுவது அம்மையாருக்கு முடிந்தது, வக்கீல்களே தடுமாறக்கூடிய அந்த ஷரத்தை விளக்குவது முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தை மறித்த போலீசார், வண்டியின் மஞ்சள் நிறம் பள்ளிக்கூடப் பேருந்தின் நிறத்தை ஒத்திருக்கிறது என்று குற்றங்கூறி அபராதம் விதித்தார்கள்! வீடு வந்து சேர்ந்தவரிடம் பண்ணை முதலாளி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் பண்ணையைவிட்டு வெளியேறு என்றார், அம்மையார் வெளியேறினார். பின்னர் 1963 ஜனவரியில்தான் அந்தப் பரீட்சையில் அவர் தேறினார்.

பரீட்சை என்னவோ வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பொதுவானதாகத்தான் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. எந்த ஷரத்தை யாரிடம் கொடுப்பது, யாருடைய விளக்கத்தை ஏற்பது என்பது மட்டும் அதிகாரியின் சித்தத்தைப் பொறுத்தது. 1964-இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேரே பட்டியலில் இருந்தனர். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்து அந்தப் பரீட்சையை நிறுத்தி வைத்தது. 1967-இல் பார்த்தால் நூற்றுக்கு அறுபது பேர்! இடைப்பட்ட அந்த இரண்டு வருஷத்தில் அவர்களுடைய புத்தி திடீரென்று விருத்தியடைந்துவிட்டது என்று எவரும் வாதிக்கத் துணியவில்லை.

இந்தச் சரித்திரத்தை நான் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம், அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டத்தில் குழுமூர் என்றொரு சிற்றூர் இருப்பதுதான். திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்த ஒரு தொழிலாளியின் மகளாய், தாழ்த்தப்பட்ட குடும்பத்திற் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து வளர்ந்த அனிதா, 2017-ஆம் ஆண்டு பிளஸ் டூ பரீட்சையில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மருத்துவத்துக்கான கட் ஆஃப் 200-க்கு 196.75. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கும் பழைய முறை நீடித்திருந்தால் அவ்வாண்டே அவர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவச் சேர்க்கைக்காக நாடு முழுவதற்கும் வைக்கப்பட்ட நீட் பரீட்சையில், தாம் படித்த மாநிலப் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்த வினாக்களுக்கு நடுவே, 720-க்கு அவர் பெற்றது 86. நீட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஓராண்டு விலக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை கடைசி வாரம்வரை ஊட்டப்பட்டது. அவரும் உச்ச நீதிமன்றம்வரை சென்று தம் வழக்கைச் சொன்னார். ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 1 அன்று, பதினேழு வயதில், அந்தப் பெண்ணை நாம் இழந்தோம்.

மிசிசிப்பி அதிகாரியின் வஞ்சகத்தையும் நீட் பரீட்சையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அங்கே விலக்க வேண்டும் என்ற எண்ணமே பரீட்சையைப் பெற்றெடுத்தது. இங்கே, தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளையை ஒழிப்பதும் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைப்பதும் நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் எண்ணம் நல்லதாயிருந்துவிட்டால் விளைவைக் கேட்கக் கூடாதா என்ற வினா எஞ்சி நிற்கிறதே, அந்த வினாவுக்கும் அமெரிக்காவிலேயே ஒரு விடை பிறந்தது.

வட கரோலினா மாகாணத்தில் டியூக் பவர் என்னும் மின்சாரக் கம்பெனியின் ஓர் உற்பத்தி நிலையத்தில், கறுப்பினத் தொழிலாளருக்குத் துப்புரவு முதலான எடுபிடி வேலைகள் கொண்ட பிரிவு ஒன்றிலேயே இடம். அந்தப் பிரிவின் மிகப் பெரிய சம்பளம் மற்றப் பிரிவுகளின் மிகச் சிறிய சம்பளத்தைக் காட்டிலும் குறைவு. வேலைவாய்ப்பில் நிறபேதம் கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. மற்றப் பிரிவுகளில் புதிதாக வேலைக்குச் சேர விரும்புவோர் இரண்டு அறிவுத்திறன் பரீட்சைகளில் தேற வேண்டும் என்ற விதியைக் கம்பெனி புகுத்தியதும், என்ன ஆச்சரியம், அதே தேதியில்தான்! தொழிலாளர் பதின்மூவர் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமித்து வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: விதி எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றினால் மட்டும் போதாது, அது ஒரு வகுப்பாரை வெளியே நிறுத்துமாயின், அந்த வேலைக்கு அது இன்றியமையாதது என்பதை விதித்தவனே நிரூபிக்க வேண்டும், அவனுடைய நல்லெண்ணம் அதற்கு ஈடாகாது. உயர்பள்ளிப் படிப்பையே முடிக்காமல் முன்னர்ச் சேர்ந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலைகளைச் செம்மையாகச் செய்துவந்தனர் என்பதையும் நீதிபதிகள் கவனித்தார்கள்.

நமக்கும் அத்தகைய சாட்சியம் இல்லாமற் போகவில்லை. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வே இல்லாமல், பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடந்தது. அப்படிச் சேர்ந்து படித்தவர்கள்தாம் இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் நாடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வைத்தியம் குறைபட்டது என்று நிரூபித்தவர் யார்?

பிளஸ் டூ முறையும் பரிசுத்தமானதல்ல. விடுதிப் பள்ளிகளில் இரவும் பகலும் மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் விளைவித்த வியாபாரத்தை நாம் அறிவோம். அந்த நாளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர். அறுபத்தொன்பது விழுக்காடு இட ஒதுக்கீடு நீட் வந்த பின்பும் நிற்கிறதே என்பாரும் உளர். உண்மைதான், ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்குள்ளும் யார் வருகிறார்கள்? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, நீட்டுக்கு முன் எட்டில் ஒருவராக இருந்த, மறுமுறை எழுதிச் சேர்வோரின் பங்கு, நான்கே ஆண்டுகளில் பத்தில் ஏழாக உயர்ந்துவிட்டது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை இன்னும் ஓராண்டு வீட்டில் வைத்துச் சோறு போட்டு, கோச்சிங் சென்டருக்கும் பணம் கட்டுவது, பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையில் மானாவாரிப் பருத்தி விதைக்கும் குடியானவனுக்கோ, அரியலூரில் சிமெண்ட் லாரிக்கு மூட்டை ஏற்றும் கூலியாளுக்கோ ஆகிற காரியமா? 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மெச்சத்தக்க உபகாரம். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். எஞ்சிய இடங்களின் கதை மாறவில்லை.

இரண்டு தேசங்களிலும் இப்போது காற்று எதிராகவே வீசுகிறது. தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததை முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தது 2025 ஏப்ரல் 4 அன்று; விளைவைக் கொண்டு பாரபட்சத்தை அளக்கும் கோட்பாட்டை இயன்றவரை கைவிடுமாறு அமெரிக்க ஜனாதிபதி தம் இலாகாக்களுக்கு ஆணையிட்டது அதே மாதம் 23 அன்று.

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் கலையரங்கத்துக்கு அனிதாவின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். பக்கத்து மாவட்டமான பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. கட்டடத்துக்குப் பெயர் வைப்பதில் நமக்குள்ள உற்சாகம் கணக்கெடுப்பதிலும் இருக்க வேண்டும். மிசிசிப்பியின் அநீதியை உலகத்துக்குப் புலப்படுத்தியது நூற்றுக்கு ஏழு, நூற்றுக்கு அறுபது என்ற அந்த இரண்டு எண்கள்தாமே! ஆகவே, மருத்துவத் தேர்வுக் குழுவினரை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் சேர்ந்தவர்களில் முதல் முறையே எழுதித் தேறியவர் எத்தனை பேர், தமிழ் வழியிற் படித்தவர் எத்தனை பேர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை வகுப்புவாரியாகப் பிரித்து, சேர்க்கை முடிந்த மாதத்திலேயே ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இவ்விரு மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் கட்சிபேதம் பாராமல் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.