நல்ல பாக்டீரியாவும் மாறும் (கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க)

போன வாரம் ஓபி-ல ஒரு பாட்டி. ரெண்டு வயசுப் பேரனுக்கு முந்தின நாள்ல இருந்து வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ், ஜிங்க் எழுதிக் கொடுத்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அந்த பிளாஸ்டிக் குப்பி மருந்து எழுதலையா சார்? தண்ணி மாதிரி இருக்குமே"ன்னு கேட்டாங்க.

"அது நல்ல கிருமி மருந்து பாட்டி, இப்போதைக்கு வேண்டாம்"னேன்.

"நல்ல கிருமின்னா குடுக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. பின்னாடி நீளமான வரிசை நின்னதால அங்க சரியா பதில் சொல்ல முடியல. இங்க சொல்றேன்.

பாராசிட்டமால் மாத்திரை வயித்துக்குள்ள போனா தன் வேலையைச் செய்யும், கல்லீரல் அதை உடைச்சு வெளியே அனுப்பிடும். அதுக்குக் குட்டி போடத் தெரியாது. புரோபயாடிக் உயிருள்ள பாக்டீரியா. அது பெருகும். ஒவ்வொரு தடவை ரெண்டாகப் பிரியும்போதும் டிஎன்ஏ-வை நகல் எடுக்கணும், அதுல அபூர்வமா பிழை வரும். கோடிக்கணக்கில் பெருகுற இடத்துல அபூர்வமான பிழையும் தினசரி நடக்கும். அதுல எந்தப் பிழை அந்தக் குடலுக்குள்ள பிழைச்சுக்க உதவுதோ, அந்த வாரிசு மற்றதையெல்லாம் முந்திடும். டார்வின் சொன்ன அதே இயற்கைத் தேர்வுதான், நம்ம வயித்துக்குள்ள.

ஒரு பழைய புரோபயாடிக்கை எடுத்துக்குவோம். முதல் உலகப் போர் சமயம், 1917. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்ல ஆல்ஃப்ரெட் நிஸ்ஸில் என்ற மருத்துவர், சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் பேதி வந்தும் தனக்கு மட்டும் வராத ஒரு சிப்பாயின் மலத்துல இருந்து ஒரு ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரிச்சு எடுத்தார். (ஆமாம், ஈ.கோலை-லயும் நல்லவங்க உண்டு.) அந்த வகை இன்னைக்கும் மருந்தா இருக்கு. பெருங்குடல் புண் நோய் அடங்கினவங்களுக்கு அது திரும்ப வராம இருக்க உதவுதுன்னு ஆய்வுகளும் இருக்கு. அதனால புரோபயாடிக்கே ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல வரல.

2019-ல அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இதே நிஸ்ஸில் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சில எலிகளோட குடல்ல கிருமியே கிடையாது. சிலதுல கொஞ்சம் வகைகள் மட்டும். சிலதுல இயல்பான முழுக் கூட்டம். இன்னும் சிலதுக்கு இயல்பான கூட்டம் இருந்து, ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சு. உணவும் வேற வேற. அஞ்சு வாரம் கழிச்சு உள்ளே போன பாக்டீரியாவை வெளியே எடுத்து ஜீன்களைப் படிச்சாங்க.

ஏற்கெனவே ஆரோக்கியமான கூட்டம் இருந்த குடல்ல அது பெருசா மாறல. ஊர் நிறைய ஆள் இருந்தா புதுசா வர்றவன் வாலைச் சுருட்டிக்கிட்டுதானே இருப்பான்! கூட்டம் குறைவா இருந்த குடல்லதான் ஆட்டம். அங்க சில சூழல்கள்ல, குடல் சுவருக்குக் காவலா இருக்கிற சளிப்படலத்தையே தின்னும் திறமையை அது வளர்த்துக்கிட்டது. சளிப்படலம் கெட்டா குடல் சுவருக்குப் பாதுகாப்பு போச்சு.

எலியில நடந்தது அப்படியே மனுஷனுக்கு நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நாம இந்த மருந்தை யாருக்கு எழுதுறோம்னு யோசிங்க. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவங்களுக்கு. அதாவது குடல் கூட்டம் கலைஞ்சு கிடக்கிறவங்களுக்கு. நானும் ரொம்ப நாள் ஆன்டிபயாடிக் எழுதினா அடுத்த வரியில கை தானா புரோபயாடிக் எழுதும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-ல வெளியிட்ட ஆய்வு என்னை நிறுத்துச்சு. ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் புரோபயாடிக் எடுத்தவங்களுக்கு, சொந்தக் குடல் கிருமிகள் திரும்பி வர்றது, சும்மா இருந்தவங்களைவிடத் தாமதமாச்சு.

மனுஷங்ககிட்ட நடந்த இன்னொண்ணு. பாஸ்டன்ல ஒரு குழந்தைகள் மருத்துவமனை ஐசியு. லாக்டோபேசில்லஸ் ஜிஜி கேப்ஸ்யூல் கொடுக்கப்பட்ட 522 பேர்ல 6 பேரோட ரத்தத்துல அதே பாக்டீரியா வளர்ந்துச்சு. கொடுக்கப்படாத 21,652 பேர்ல 2 பேருக்குத்தான். ஜீன்களை ஒப்பிட்டப்போ ரத்தத்துல இருந்தது கேப்ஸ்யூல்ல இருந்து வந்த வம்சம்தான்னு உறுதியாச்சு. அதுல புது மாற்றங்களும் இருந்துச்சு. ஒண்ணுல ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பைக் கொடுக்கும் மாற்றம்! டிபி-க்கு நாம நம்பியிருக்கிற மருந்து.

உடனே பயந்துடாதீங்க. வீட்ல நல்லா நடமாடுற ஆளுக்கு இந்த ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவு. தயிர்சாதத்தை யாரும் தள்ளி வைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வர்றது, இதை "சும்மா ஒரு டானிக்"னு நினைச்சு ஐசியு-ல, கழுத்து நரம்புல லைன் போட்டிருக்கிறவங்களுக்கு, குறைமாசக் குழந்தைக்கு, கீமோ எடுக்கிறவங்களுக்கு யோசிக்காம கொடுக்கிறப்போதான். கொடுக்க வேண்டிய காரணம் இருந்தா கொடுக்கலாம். ஆனா எந்த வகைன்னு பேரோட கேஸ் ஷீட்ல எழுதணும். நாளைக்கு பிளட் கல்ச்சர்ல லாக்டோபேசில்லஸ் வளர்ந்தா, "இது சும்மா கலப்படம்"னு தள்ளிடாம, கொடுத்த மருந்தை ஒருத்தர் திரும்பிப் பார்க்கணும் இல்லையா?

பாட்டிக்கு வர்றேன். அந்தப் பேரன் வயசுக் குழந்தைகள்கிட்ட வயிற்றுப்போக்குக்கு ரெண்டு பெரிய ஆய்வு நடந்திருக்கு. அமெரிக்காவுல 971 குழந்தைகள், கனடாவுல 886. ரெண்டும் 2018-ல வெளியாச்சு. அதுல சோதிச்ச புரோபயாடிக்குகளுக்கும் வெறும் போலி மருந்துக்கும் வித்தியாசமே இல்லை.

மூணு நாள் கழிச்சு பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. பையன் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்தான். ஜிங்க் மொத்தம் 14 நாள் கொடுக்கணும், பேதி நின்னாலும் நிறுத்தாதீங்கன்னு திரும்பச் சொல்லி அனுப்பினேன். "குப்பி மட்டும் கடைசி வரைக்கும் எழுதவே இல்லை பாரு"ன்னு மருமகள்கிட்ட சொல்லிக்கிட்டே போனாங்க.